கேஷ் சோதனையில் எண் இடிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

ப்ராசசருக்குள் இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷ் மெமரியின் வேகத்தை அளப்பது வெளியிலிருந்து பார்த்தால் சின்ன வேலை. ஒரு அரே, அதன் மேல் ஓடும் ஒரு லூப், நேரம் பார்க்க ஒரு டைமர். அரேயின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் எல்1, எல்2, எல்3 (கேஷின் மூன்று நிலைகள், சின்னதிலிருந்து பெரிதாக), அப்புறம் ராம் என்று நேரம் படிப்படியாக ஏற வேண்டும். முதல் முயற்சியிலேயே அப்படி ஒரு படிக்கட்டு வந்து நான் பார்த்ததில்லை. கோடு ஏறாமல் நேராகப் போகும், இல்லாவிட்டால் படி சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் காலையில் வந்த எண் மாலையில் வராது.

ஓட்டுவதற்கு முன்பே என்ன எண் வர வேண்டும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். எதிர்பார்ப்பு எழுத்தில் இல்லாவிட்டால் எந்த எண் வந்தாலும் அதற்கு ஒரு காரணம் சொல்லிக்கொள்ள மனம் தயாராக இருக்கும். இன்றைய இன்டெல், ஏஎம்டி ப்ராசசர்களுக்குத் தோராயமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: எல்1-இல் இருந்தால் 4 அல்லது 5 சைக்கிள் (ப்ராசசர் கடிகாரத்தின் துடிப்பு), எல்2-இல் 12 முதல் 15, எல்3-இல் 40 முதல் 70, ராம் வரை போனால் 60 முதல் 100 நானோவினாடி. கேஷ் லைன், அதாவது கேஷுக்குள் ஒரே தடவையில் வந்து சேரும் துண்டு, 64 பைட். ஆப்பிளின் எம்1 போன்ற சிப்களில் 128 பைட். உங்கள் கணினியின் கேஷ் அளவுகளை லினக்ஸில் எல்எஸ்சிபியு கட்டளை காட்டிவிடும். இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

அரே எவ்வளவு பெரிதானாலும் நேரம் மாறவே இல்லை

அடிக்கடி வருவது இதுதான். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும், சில நேரம் நான்கும் சேர்ந்தே இருக்கும். வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் லூப் உண்மையில் ஓடுகிறதா என்று பாருங்கள். கூட்டுத்தொகையை எங்கேயும் பயன்படுத்தாவிட்டால் கம்பைலர் முழு லூப்பையும் தூக்கிவிடும். கடைசியில் அந்தத் தொகையைத் திரையில் அச்சிட்டாலே போதும். ஒரு உறுப்புக்கு 0.01 நானோவினாடி என்பது மாதிரி எண் வந்தால் சந்தேகமே வேண்டாம், லூப் இல்லை.

இரண்டாவது, அரேயில் எதையாவது எழுதினீர்களா? லினக்ஸில் நினைவகம் கேட்கும் ஃபங்ஷனான மாலாக் மூலம் 100 எம்பி வாங்கி, எதையும் எழுதாமல் நேராகப் படிக்க ஆரம்பித்தால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அத்தனை பேஜுக்கும் (நினைவகம் பிரிக்கப்படும் 4 கேபி துண்டுகள்) ஒரே ஒரு பூஜ்யப் பேஜைக் கைகாட்டும். நிரலின் கண்ணுக்கு அது 100 எம்பி. ராமில் இருப்பது 4 கேபி. அந்த 4 கேபி எல்1-க்குள் சுகமாக உட்கார்ந்துகொள்ளும், கேஷ் மிஸ் (தேடிய தரவு கேஷில் இல்லாமல் போவது) எதுவும் தெரியாது. பெரிய பேஜ் வசதி இயங்கினால் அந்தப் பூஜ்யப் பேஜ் 2 எம்பி ஆகும், அப்போதும் எண் பொய்தான். இதற்காக நான் இரண்டு நாள் கம்பைலரின் அசெம்பிளியைப் படித்துக்கொண்டிருந்தேன். அசெம்பிளியில் குற்றமே இல்லை. அளக்கத் தொடங்குமுன் ஒவ்வொரு பேஜிலும் பூஜ்யம் அல்லாத ஒன்றை எழுதிவிட்டால் பிரச்சினை தீரும்.

மூன்றாவது, ப்ரீஃபெட்ச்சர். அரேயை முன்னிருந்து பின்னாக வரிசையாகப் படித்தால் வன்பொருள் அந்தப் போக்கைக் கண்டுபிடித்து அடுத்த லைன்களை முன்கூட்டியே கொண்டுவந்துவிடும். 256 பைட் தாண்டித் தாண்டிப் படித்தாலும் அது கண்டுபிடிக்கும். நீங்கள் அளப்பது தாமதத்தை அல்ல, ராமிலிருந்து எவ்வளவு வேகமாகத் தரவு கொட்டுகிறது என்பதை. நான்காவது காரணம் இதோடு ஒட்டியது. ஒன்றையொன்று சாராத படிப்புகளை ப்ராசசர் ஒரே சமயத்தில் அனுப்பும், ஒரு கோரில் பத்து மிஸ்ஸோ அதற்கு மேலோ ஒன்றாகப் பறக்கும். 80 நானோவினாடி தாமதத்தைப் பத்து பேர் பங்குபோட்டால் ஆளுக்கு 8 என்றுதான் தெரியும்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றே: பாயிண்டர் துரத்தல். ஒவ்வொரு உறுப்பிலும் அடுத்து எங்கே போக வேண்டும் என்ற முகவரியை வைத்து, அந்தச் சங்கிலியை எழுந்தமானமாகக் கலைத்துவிட வேண்டும். ஒன்றைப் படித்து முடித்தால்தான் அடுத்தது எங்கே என்று தெரியும் என்பதால் முன்கூட்டிக் கொண்டுவரவும் முடியாது, ஒன்றாக அனுப்பவும் முடியாது. ஒரு 64 பைட் லைனுக்கு ஒரே ஒரு பாயிண்டர் வையுங்கள். எட்டு வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த லைனில் மற்றவர்களும் ஓசியில் ஏறிக்கொள்வார்கள்.

பாயிண்டர் துரத்தியும் பெரிய அரே எல்1 வேகத்தில் ஓடுகிறது, சில தடவை மட்டும்

கலைக்கும் முறையில் குறை. வழக்கமான ஃபிஷர்-யேட்ஸ் முறை ஒரே வட்டத்தைத் தருவதில்லை, பல சின்ன வட்டங்களைத் தரும். தொடங்கும் உறுப்பு இருக்கும் வட்டத்தின் நீளம் 1 முதல் மொத்த எண்ணிக்கை வரை எதுவாகவும் சமவாய்ப்பில் இருக்கலாம். பத்து லட்சம் உறுப்பு வைத்துவிட்டு இருநூறு உறுப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். சராசரியாகவே பாதி அரேதான் தொடப்படும், அதனால் படிகள் எல்லாம் வலப்பக்கம் நகர்ந்து தெரியும்.

சட்டோலோ முறையைப் பயன்படுத்துங்கள், 1986-இல் வெளிவந்தது. மாற்றம் ஒரே ஒரு எழுத்து அளவுதான்: இடம் மாற்றும் துணையைத் தேர்ந்தெடுக்கும்போது 0 முதல் ஐ (இப்போது நிற்கும் இடத்தின் எண்) வரை என்பதற்குப் பதிலாக 0 முதல் ஐ கழித்தல் 1 வரை. அது எப்போதும் எல்லா உறுப்பையும் தொடும் ஒற்றை வட்டத்தைத் தரும். நம்பிக்கை இல்லாவிட்டால் தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வர எத்தனை தாவல் ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

படி தப்பான இடத்தில் இருக்கிறது

எல்2 1 எம்பி என்று கணினி சொல்கிறது, ஆனால் 256 கேபியிலேயே நேரம் ஏறுகிறது. இது பெரும்பாலும் டிஎல்பி. முகவரி மொழிபெயர்ப்பை நினைவில் வைத்திருக்கும் அந்தக் குட்டிக் கேஷில், இன்டெலின் பல தலைமுறைகளில், முதல் நிலையில் 64 இடம். 64 பேஜ், பேஜுக்கு 4 கேபி, பெருக்கினால் 256 கேபி. அதே மாதிரி ஸ்கைலேக்கில் இரண்டாம் நிலை டிஎல்பிக்கு 1536 இடம், அதாவது 6 எம்பி. படி இந்த எண்களில் விழுந்தால் அது டேட்டா கேஷின் படி அல்ல. 2 எம்பி பேஜுக்கு மாறி மறுபடி ஓட்டினால் படி மறைந்துவிடும்.

எதிர்பார்த்த அளவில் சரியாகப் பாதியில் படி விழுந்தால் வேறு கதை. ஹைப்பர் த்ரெடிங் உள்ள ப்ராசசரில் ஒரே கோரின் இரண்டு த்ரெட்டுகள் எல்1, எல்2 இரண்டையும் பங்கிடுகின்றன. இரண்டு த்ரெட்டை 0, 1 என்ற எண்களில் கட்டிப்போட்டால் அவை இரண்டு கோர் என்று நினைத்துவிடாதீர்கள். சில கணினிகளில் 0-வும் 1-உம் இரட்டையர், சிலவற்றில் 0-வும் 8-உம். எல்எஸ்சிபியுவின் விரிவான பட்டியலில் கோர் எண்ணைப் பார்த்துவிட்டு, நிரலைக் குறிப்பிட்ட எண்ணில் கட்டிப்போடும் டாஸ்க்செட் கட்டளையைப் போடுங்கள்.

எல்1 தாமதம் 3 சைக்கிள் என்று வருகிறது

ப்ராசசர் அதிசயம் எதுவும் செய்யவில்லை. நேரமுத்திரைக் கவுண்டர் எனப்படும் டிஎஸ்சி இன்றைய சிப்களில் நிலையான வேகத்தில் ஓடும். கோர் டர்போவில் அதைவிட வேகமாக ஓடும். அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், டர்போ 4.0 என்றால், உண்மையான 5 சைக்கிள் கவுண்டரில் 3 ஆகத் தெரியும். கோரின் சொந்த சைக்கிளை பெர்ஃப் என்ற லினக்ஸ் அளவீட்டுக் கருவி மூலம் எண்ணுங்கள், அல்லது டர்போவை நிறுத்தி, கோரின் வேகத்தை முடிவு செய்யும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். முதல் சில மில்லிவினாடியின் அளவீட்டைத் தூக்கிப்போடுவதும் நல்லது. தூங்கி எழுந்த கோர் வேகம் பிடிக்க நேரம் ஆகும்.

ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் வேறு எண்

எந்த அளவில் எண் ஆடுகிறது என்று பாருங்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது.

எல்1 அளவுக்குள் ஆடினால் பின்னணி வேலைகள், த்ரெட் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, வேக மாற்றம் இவற்றில் தேடுங்கள். எல்1 அமைதியாக இருந்து எல்2 எல்லைக்கு அருகில் மட்டும் ஆடினால் காரணம் பேஜ் ஒதுக்கீடு. இது எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனென்றால் கணக்கு அவ்வளவு சுத்தமாக விழுகிறது. கேஷ் பல செட்டுகளாகப் பிரிந்திருக்கும், ஒரு முகவரி ஒரே ஒரு செட்டில்தான் அமர முடியும், ஒரு செட்டில் எத்தனை லைன் அடங்குமோ அத்தனை வே. 32 கேபி, 8-வே எல்1-இல் ஒரு வேயின் அளவு 4 கேபி. அதாவது சரியாக ஒரு பேஜ். எந்த செட் என்பதை முகவரியின் கீழ் 12 பிட்டே தீர்மானிக்கிறது, அந்த 12 பிட்டும் மெய்நிகர் முகவரியிலும் ராமின் முகவரியிலும் ஒன்றே. கெர்னல் எந்தப் பேஜைக் கொடுத்தாலும் எல்1-இன் நடத்தை மாறாது. ஆனால் 256 கேபி, 8-வே எல்2-இல் ஒரு வே 32 கேபி. இங்கே செட்டைத் தீர்மானிக்க 15 பிட் வேண்டும். மேல் 3 பிட் கெர்னல் அன்றைக்கு எடுத்துக் கொடுத்த பேஜைப் பொறுத்தது. ஒருநாள் பேஜ்கள் சமமாகப் பரவும், ஒருநாள் பாதிப் பேஜ்கள் ஒரே செட்டுகளில் போய் அடைந்துகொள்ளும். 200 கேபி அரே எல்2-க்குள் அடங்க வேண்டும் என்ற உங்கள் கணக்கு சரிதான், அன்றைய பேஜ்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

ஒரே ஓட்டத்துக்குள் ஆயிரம் தடவை அளந்து சராசரி எடுப்பது இதற்கு உதவாது, பேஜ்கள் மாறாதே. நிரலையே முப்பது தடவை புதிதாகத் தொடங்கி அளந்து, சராசரியை விட்டுவிட்டு இடைநிலை மதிப்பையும் மிகக் குறைந்த மதிப்பையும் எழுதுங்கள். 2 எம்பி பேஜ் கிடைத்தால் இந்த ஆட்டம் அடியோடு நிற்கும்.

அணியின் அகலம் 512 ஆனால் மட்டும் நிரல் திடீரென்று மெதுவாகிறது

511-க்கும் 520-க்கும் ஓடுகிறது, 512-க்குப் படுத்துவிடுகிறது. இரட்டைத் துல்லிய எண்கள் 512 என்றால் ஒரு வரிசை 4096 பைட். பத்தி வழியாகக் கீழே இறங்கும்போது ஒவ்வொரு அடியும் 4096 பைட், அதனால் எல்லா லைனும் எல்1-இன் ஒரே செட்டில் போய் விழும். மொத்தம் 512 லைன் வைக்கக்கூடிய கேஷில் 8 லைனுக்குத்தான் இடம், மீதி 63 செட் சும்மா கிடக்கிறது. 48 கேபி, 12-வே உள்ள புதிய எல்1-இலும் செட் 64-தான். 8-க்குப் பதில் 12 லைன், அவ்வளவே. வரிசை ஒவ்வொன்றின் கடைசியிலும் 8 எண்ணுக்கு வெற்றிடம் சேர்த்து அகலத்தை 520 ஆக்குங்கள். ஒவ்வொரு வரிசையும் ஒரு செட் தள்ளி விழுந்து சுமை பரவிவிடும். இரண்டின் அடுக்குகளை மட்டுமே வைத்துச் சோதனை செய்கிறவர்கள் கேஷைப் பற்றித் தேவையில்லாமல் மோசமான கருத்துக்கு வந்துவிடுகிறார்கள். இடையில் சில ஒற்றைப்படை அளவுகளையும் கட்டாயம் போடுங்கள்.

சிமுலேட்டரில்: கேஷைப் பெரிதாக்கியும் மிஸ் விகிதம் இறங்கவில்லை, அல்லது ஏறுகிறது

இறங்காமல் நின்றால் டிரேஸின், அதாவது சிமுலேட்டருக்குக் கொடுக்கும் அணுகல் பட்டியலின், நீளத்தைப் பாருங்கள். 10,000 அணுகல், அதில் 1,000 வெவ்வேறு பிளாக் (லைனுக்கு இன்னொரு பெயர்) என்றால், கேஷ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒவ்வொரு பிளாக்கும் ஒரு தடவை மிஸ் ஆகியே தீரும். 10 சதவீதத்துக்குக் கீழே போக வழியே இல்லை. டிரேஸை நீட்டுங்கள், அல்லது முதல் பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

ஏறினால் மாற்றும் கொள்கையை, அதாவது இடம் இல்லாதபோது எந்த பிளாக்கை வெளியேற்றுவது என்ற விதியைப் பாருங்கள். முதலில் வந்ததை முதலில் வெளியேற்றும் ஃபிஃபோவில் இது நடக்கக்கூடியதே, பெலாடி 1969-இல் காட்டியது. 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையை 3 இடத்தில் ஓட்டினால் 9 மிஸ், 4 இடத்தில் 10 மிஸ். கையால் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் நெடுநேரம் தொடாததை வெளியேற்றும் எல்ஆர்யுவில், பிளாக் அளவும் செட் எண்ணிக்கையும் மாறாமல் வே மட்டும் கூடியிருந்தால், ஒற்றை ப்ராசசரில் மிஸ் கூடவே கூடாது. கூடினால் அமைப்பில் இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றிவிட்டீர்கள் என்று அர்த்தம். பிளாக் அளவு அப்படி நழுவும் முக்கியப் புள்ளி: 1 கேபி கேஷில் 256 பைட் பிளாக் வைத்தால் மொத்தமே 4 பிளாக், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று: கேஷைவிட ஒரே ஒரு பிளாக் பெரிய அரேயைச் சுற்றிச் சுற்றிப் படித்தால், செட்டாகப் பிரியாத கேஷில் சுத்தமான எல்ஆர்யு என்றால் 100 சதவீதம் மிஸ். சிமுலேட்டரில் செங்குத்துப் பாறை மாதிரி தெரியும் இந்த இடம் உண்மைக் கணினியில் சரிவாகத்தான் தெரியும். அங்கே கேஷ் செட்டுகளாகப் பிரிந்திருக்கும், இருப்பது சுத்தமான எல்ஆர்யுவும் அல்ல.

எம்எஸ்ஐயிலிருந்து எம்இஎஸ்ஐக்கு மாற்றினேன், மிஸ் விகிதம் அப்படியே இருக்கிறது

இரண்டும் பல கோர்களின் கேஷ் பிரதிகளை ஒத்துப்போக வைக்கும் நெறிமுறைகள், எம்இஎஸ்ஐயில் எக்ஸ்க்ளூசிவ் (இந்த லைன் என்னிடம் மட்டுமே) என்ற நிலை கூடுதல். இது பிழை இல்லை, தவறான நெடுவரிசையைப் பார்க்கிறீர்கள். எக்ஸ்க்ளூசிவ் நிலை எந்த மிஸ்ஸையும் தவிர்ப்பதில்லை. வேறு யாரிடமும் இல்லாத லைனைப் படித்துவிட்டுப் பிறகு எழுதும்போது, எம்எஸ்ஐ பஸ்ஸில் (கோர்களை இணைக்கும் பொதுப் பாதை) இன்னொரு அறிவிப்பு போடும், எம்இஎஸ்ஐ சத்தமில்லாமல் மாடிஃபைடு (எழுதப்பட்டது) நிலைக்கு மாறும். வித்தியாசம் பஸ் பரிமாற்றங்களின் எண்ணிக்கையில் இருக்கும். மற்றவர்களின் பிரதியைச் செல்லாததாக்காமல் புதுப்பிக்கும் டிராகன் மாதிரி நெறிமுறைக்குப் போனால் நிலைமை தலைகீழ்: மிஸ் குறையும், பகிர்ந்த லைனில் எழுதும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் போக்குவரத்து நடக்கும். நெறிமுறைகளை ஒப்பிடும்போது இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேஷ்கிரைண்ட் நல்ல எண் தருகிறது, நிஜத்தில் நிரல் மெதுவாக இருக்கிறது

கேஷ்கிரைண்ட் என்பது வால்கிரைண்ட் கருவித் தொகுப்பில் உள்ள கேஷ் சிமுலேட்டர். வால்கிரைண்ட் த்ரெட்டுகளை ஒரு சமயத்தில் ஒவ்வொன்றாகத்தான் ஓட்டும். இரண்டு கோர் ஒரு லைனுக்காக இழுபறி செய்வது அதன் உலகத்தில் நடக்கவே முடியாது. ப்ரீஃபெட்ச்சரும் அதில் இல்லை, முதல் நிலையும் கடைசி நிலையும் மட்டுமே உண்டு. 3.21 பதிப்பிலிருந்து கேஷ் சிமுலேஷன் தானாக ஓடுவதும் இல்லை, கேட்டுப் பெற வேண்டும். ஒற்றை த்ரெட்டின் அணுகல் முறையை ஆராய அருமையான கருவி. பல கோர் கேள்விக்கு பெர்ஃப் பக்கம் போய்விடுங்கள். அங்கே ஒரு எச்சரிக்கை: ஒரே ஓட்டத்தில் நிறைய நிகழ்வுகளை எண்ணச் சொன்னால் கவுண்டர்கள் முறைபோட்டு எண்ணி, மீதியை மதிப்பிட்டுச் சொல்லும். வரியின் கடைசியில் சதவீதம் தெரிந்தால் நிகழ்வுகளைக் குறையுங்கள்.

கோரைக் கூட்டினால் நேரம் குறைவதற்குப் பதில் கூடுகிறது

த்ரெட்டுகள் ஒன்றோடொன்று பேசுவதே இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கவுண்டர், பூட்டு எதுவும் கிடையாது. அப்படியும் 4 த்ரெட் 1 த்ரெட்டைவிட மெதுவாக ஓடுகிறது என்றால் போலிப் பகிர்வு, வேறு எதையும் முதலில் தேடாதீர்கள். 8 பைட் கவுண்டர்கள் எட்டு ஒரு அரேயில் வரிசையாக இருந்தால் எட்டும் ஒரே 64 பைட் லைனில். நிரலுக்கு அவை வெவ்வேறு மாறிகள், கேஷுக்கு ஒரே பொருள். ஒருவர் எழுதினால் மற்ற ஏழு பேரின் பிரதியும் செல்லாததாகிவிடும், லைன் கோருக்குக் கோர் ஓடிக்கொண்டே இருக்கும்.

உறுதிப்படுத்த பெர்ஃப் சி2சி ஓட்டுங்கள். ஹிட்எம் (இன்னொரு கோர் மாற்றி வைத்திருந்த லைனைப் படிக்க நேர்ந்த தடவைகள்) என்ற நெடுவரிசையில் ஒரு லைன் உச்சத்தில் நின்றால், அந்த லைனின் எந்தெந்த இடத்தை எந்த வரிக் குறியீடு தொடுகிறது என்று அதுவே காட்டிவிடும். இடங்கள் வெவ்வேறாக இருந்தால் போலிப் பகிர்வு. எல்லாரும் ஒரே இடத்தைத் தொட்டால் அது நிஜப் பகிர்வு, வெற்றிடம் வைத்துச் சரியாக்க முடியாது. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்குள் எண்ணிவிட்டுக் கடைசியில் கூட்டும்படி நிரலை மாற்ற வேண்டும்.

வெற்றிடம் வைத்தும் முழுதாகச் சரியாகவில்லையா? கட்டமைப்பை 64 பைட்டாக நீட்டினால் மட்டும் போதாது, அது லைனின் தொடக்கத்தில் அமர்ந்திருக்கவும் வேண்டும். அப்புறம், இன்டெல் ப்ராசசர்களில் பக்கத்து லைனையும் சேர்த்து இழுக்கும் ஒரு ப்ரீஃபெட்ச்சர் உண்டு. அதனால் 128 பைட் இடைவெளி விட்டால்தான் சுத்தமாகும்.

வேண்டுமென்றே போலிப் பகிர்வு உண்டாக்கினேன், அது தென்படவே இல்லை

கம்பைலர் கவுண்டரை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு கடைசியில் ஒரே தடவை எழுதியிருக்கும். கவுண்டரை வோலடைல் ஆக்குங்கள். அதன் பிறகும் வராவிட்டால் த்ரெட்டுகளின் வேலை மிகச் சின்னது, இரண்டாவது தொடங்குமுன் முதலாவது முடிந்துவிடுகிறது. எல்லாரும் ஒரு தடுப்பில் காத்திருந்து ஒன்றாகக் கிளம்பும்படி வைத்து, ஓட்டத்தைக் குறைந்தது ஒரு வினாடிக்கு நீட்டுங்கள்.

சில கோருக்கு மேல் பயன் நின்றுவிடுகிறது

ராமின் குழாய் நிரம்பிவிட்டது. டிடிஆர்4-3200 ஒரு சேனலுக்கு வினாடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனல் என்றால் 51.2. நகலெடுக்கும் சோதனையில் 34 ஜிபிக்கு மேல் ஏறாவிட்டாலும் குழாய் நிரம்பியதாகவே கொள்ளுங்கள்: எழுதப்போகும் லைனையும் ப்ராசசர் முதலில் படித்துவிட்டே எழுதும், நீங்கள் 16 பைட் என்று எண்ணும் இடத்தில் 24 பைட் நகர்கிறது.

இரண்டு சாக்கெட் உள்ள சர்வரில் ஒரு சாக்கெட்டின் கோர் எண்ணிக்கையோடு பயன் நின்றால் நியூமா, அதாவது ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்தில் தனி ராம் இருக்கும் அமைப்பு, காரணம். லினக்ஸில் ஒரு பேஜை முதலில் எழுதும் கோர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ராமில் அது அமரும். முதன்மை த்ரெட்டே முழு அரேயையும் நிரப்பிவிட்டால் எல்லாம் ஒரே பக்கம். பிறகு வேலை செய்யப்போகும் த்ரெட்டே தன் பகுதியை நிரப்பட்டும்.

8 கோரில் 8 மடங்குக்கும் மேல் வேகம்

சந்தோஷப்படுவதற்கு முன் கேஷ் கணக்கைப் போடுங்கள். தரவு 6 எம்பி, கோர் ஒன்றுக்கு எல்2 1 எம்பி என்றால், ஒற்றைக் கோர் ஓட்டம் எல்3-ஐ நம்பியிருந்தது. எட்டாகப் பிரித்ததும் ஆளுக்கு 768 கேபி, எல்லாம் எல்2-க்குள் அடங்கிவிட்டது. எண் உண்மையானதுதான், ஆனால் அந்தக் கூடுதல் வேகம் இணையாக ஓடியதால் வந்ததல்ல. கோர் ஒன்றுக்கு 6 எம்பி கொடுத்து, மொத்தம் 48 எம்பியோடு ஒரு தடவை ஓட்டி, அந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.